கைக்கு இனிப்பு... வாய்க்குக் கட்டுப்பாடு!

ஊருக்கெல்லாம் கேக் செய்து கொடுக்கும் கைகள். சர்க்கரையைத் தொடக் கூடாது என்ற டாக்டரின் சொல். இரண்டையும் ஒரே அடுப்படியில் நடத்திக் காட்ட முடியும்.

டிசம்பர் பிறந்துவிட்டால் நாகர்கோவில், தூத்துக்குடி, பாளையங்கோட்டை வீதிகளில் எந்த வீட்டில் ஓவன் ஓடுகிறது என்பதை மூக்கே சொல்லிவிடும். ரம்மிலோ திராட்சைச் சாற்றிலோ வாரக்கணக்கில் ஊறிய உலர்பழங்கள், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், உருகும் வெண்ணெய் எல்லாம் கலந்து வரும் வாசம் அது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்றிருந்த இந்த வீட்டு பேக்கிங், 2020 ஊரடங்குக்குப் பிறகு வருடம் முழுக்க நடக்கும் தொழிலாகவே ஆகிவிட்டது. பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம் என எல்லாவற்றுக்கும் கேக் வேண்டும். முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் ஆர்டர் வரும். மறுநாள் மாலை பெட்டி கைமாறும்.

இந்தப் பெட்டியைக் கட்டித் தருகிறவர்களில் நிறையப் பேர் நாற்பதைக் கடந்த பெண்கள். அதே வயதில்தான் லேப் ரிப்போர்ட்டும் பேச ஆரம்பிக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் இன்னும் அதிகம், சுமார் 13.6 கோடிப் பேர். நோய் வந்தவரும் வரப்போகிறவரும் இல்லாத தெரு நம் ஊரில் இருக்காது. இதில் கேக் செய்கிறவர் மட்டும் எப்படி விதிவிலக்காக முடியும்?

டாக்டர் "இனிப்பை நிறுத்துங்கம்மா" என்று சொன்ன அன்றே பலர் ஓவனை மூடித் துணி போட்டுவிடுகிறார்கள். கையில் வந்துகொண்டிருந்த வருமானம் போகிறது. பழகிய கைவேலை போகிறது. நாலு பேர் தேடி வந்து பாராட்டிய சந்தோஷமும் போகிறது. இன்னும் பலர், "செய்வதைச் செய்வோம், வருவது வரட்டும்" என்று தொடர்கிறார்கள். இந்த இரண்டு முடிவுகளுக்கும் அவசியம் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பிறருக்காக பேக் செய்துகொண்டே தன் டயட்டைக் காப்பாற்ற முடியும். அதற்கு மனஉறுதியை மட்டும் நம்பினால் பாதி வழியில் கவிழ்த்துவிடும். அடுப்படியின் ஒழுங்கு மாற வேண்டும்.

துண்டு சாப்பிடாமலே ஏறும் சர்க்கரை

"நான் கேக்கே சாப்பிடுவதில்லை. சும்மா ருசி பார்ப்பதோடு சரி" என்று சொல்பவர்கள் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சாதாரண பட்டர் கேக்கில் மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நாலும் சம எடை. அப்படியானால் கேக்கின் எடையில் கால் பங்கு சர்க்கரை. பூச்சுக்குப் போடும் பட்டர்க்ரீமில் வெண்ணெய் ஒரு பங்கு என்றால் ஐசிங் சுகர் இரண்டு பங்கு.

இப்போது ஆர்டர் நாளை நினைத்துப் பாருங்கள். க்ரீம் பதம் சரியா என்று ஸ்பேட்டுலாவில் ஒட்டியதை வழித்து வாயில் வைக்கிறோம். இரண்டு மூன்று தடவையில் 20 கிராம் உள்ளே போயிருக்கும். அதில் 13 கிராம் சர்க்கரை. கேக்கின் மேல்பக்கம் குமிழாக எழும்பியதைச் சமமாகச் சீவும்போது விழும் ஓரங்களில் ஒரு 30 கிராம். அதில் 7 கிராம் சர்க்கரை. அலங்காரத்துக்கு எடுத்த சாக்லேட் சிப்ஸில் ஒரு கை, 10 கிராம் என்றால் இன்னொரு 5 கிராம். மொத்தம் 25 கிராம். ஒரு துண்டு கேக்கூடத் தட்டில் வைத்துச் சாப்பிடவில்லை.

ஒரு நாளில் நாம் எடுக்கும் சக்தியில் 10 சதவிகிதத்துக்கும் குறைவாகவே சேர்க்கப்பட்ட சர்க்கரை இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். 5 சதவிகிதத்துக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது அது. ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்குச் சொன்ன அளவு இது. அந்த முழு அளவையும் 'ருசி பார்த்தல்' ஒன்றே தின்று தீர்த்துவிடுகிறது. வாரத்துக்கு நாலு ஆர்டர் எடுப்பவருக்கு நாலு நாள் இது நடக்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி பரிசோதனை இதையெல்லாம் ஒன்றுவிடாமல் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

அந்தப் பரிசோதனையில் 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இடையில் நிற்பவர்களுக்கு நம்பிக்கை தரும் செய்தி சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் சீர்படுத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவிகிதம் குறைந்தது. அந்த ஆய்வில் மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். வழித்து நக்குவதை நிறுத்துவது சின்ன விஷயம் இல்லை.

ருசி பாராமல் சமைத்த பரம்பரை

"ருசி பார்க்காமல் எப்படிச் செய்வது?" இதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நம் வீடுகளிலேயே பதில் இருக்கிறது.

நைவேத்தியத்துக்கு வைக்கும் சர்க்கரைப் பொங்கலை எந்தப் பாட்டியும் வாயில் போட்டுப் பார்த்ததில்லை. கோயில் மடப்பள்ளியில் புளியோதரையும் அக்காரவடிசிலும் செய்கிற கைகள் உப்புப் பார்ப்பதில்லை. மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டிக்கொண்டு சமைக்கும் வழக்கம்கூடச் சில கோயில்களில் உண்டு. ஆனாலும் ருசி மாறுவதில்லை. காரணம் அளவு. திருமலையில் லட்டுக்கென்றே 'படித்தரத் திட்டம்' வைத்திருக்கிறார்கள். 2001-ல் வகுத்த கணக்குப்படி, 5,100 லட்டுகளுக்குக் கடலை மாவு 180 கிலோ, நெய் 165 கிலோ, சர்க்கரை 400 கிலோ, முந்திரி 30 கிலோ, உலர் திராட்சை 16 கிலோ, கற்கண்டு 8 கிலோ, ஏலக்காய் 4 கிலோ. மொத்தம் 803 கிலோ. இத்தனை பெரிய சமையலில் ருசியைக் காப்பாற்றுவது நாக்கு அல்ல, தராசு.

ரமலான் மாதத்தில் நோன்பு வைத்துக்கொண்டே பிற்பகல் முழுக்க நோன்புக் கஞ்சியும் சமோசாவும் செய்கிற வீடுகளைப் பாருங்கள். தவக்காலத்தில் இனிப்பைத் துறந்துவிட்டு, பெரிய வெள்ளிக்கு பன் சுடுகிற கிறிஸ்தவக் குடும்பங்களைப் பாருங்கள். ஏகாதசி விரதம் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குப் பலகாரம் செய்த அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். தான் உண்ணாமல் பிறருக்குச் சமைப்பது நமக்குப் புதிது இல்லை. விரதத்தில் செய்ததை டயட்டில் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

குன்னூர்த் தேயிலைச் சந்தையில் தரம் பார்ப்பவர்கள் வரிசையாக வைத்த கோப்பைகளில் கரண்டி கரண்டியாக டீயை உறிஞ்சி, வாய் முழுக்கப் பரவவிட்டு, துப்பிவிடுவார்கள். ருசி பார்ப்பது வேறு, விழுங்குவது வேறு என்பது அவர்கள் தொழிலின் அடிப்படை. கேக் செய்கிறவருக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. புதிய ஃபிளேவர் ஒன்றை முதன்முதலாக முயலும் நாளில், நுனிக் கரண்டி அளவு நாக்கில் வைத்து, ருசியை உணர்ந்து, துப்பி, வாய் கொப்பளித்துவிடலாம். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

பாளையங்கோட்டை அடுப்படியில்...

சொந்தத்தில் மதினி ஒருவர், பாளையங்கோட்டையில் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறார். நோய்க்கு முந்தைய நிலை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் ஓவனை அணைக்கவில்லை. அவருடைய அடுப்படியில் ஒரு டிசம்பர் மாலை உட்கார்ந்து பார்த்தபோது, அங்கே எதுவும் தற்செயலாக நடக்கவில்லை என்பது புரிந்தது.

முதல் வேலை சாப்பாடு. ஓவனைச் சூடேற்றும் முன்பே சுண்டலும் முட்டையும் காய்கறியுமாக இரவு உணவை முடித்துவிட்டார். பசித்த வயிற்றோடு வெண்ணெயைத் தொடுவதில்லை என்பது அவர் வைத்திருக்கும் சட்டம். பிறகு வாய் கொப்பளித்து ஒரு கிராம்பைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டார். கிராம்பு இருக்கும்வரை வேறெதுவும் வாய்க்குள் போகாது.

அடுத்தது தராசு. மைதா, சர்க்கரை, வெண்ணெய், ஊறிய பழம் எல்லாவற்றையும் கிராம் கணக்கில் நிறுத்து, தனித்தனிக் கிண்ணங்களில் வரிசையாக வைத்தார். உப்பு டப்பாவிலும் சர்க்கரை டப்பாவிலும் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டியிருந்தது. வெண்ணெய் உப்புப் போட்டதா போடாததா என்று உறையைப் படித்துவிட்டுத்தான் பிரித்தார். ருசி பார்க்க வேண்டிய அவசியத்தில் பாதி, உப்பும் சர்க்கரையும் மாறிவிடுமோ என்ற பயத்தில் வருவதுதான். அந்தப் பயத்தை லேபிள் தீர்த்துவிடுகிறது.

ப்ளம் கேக்கின் நிறமும் கசப்பு கலந்த ஆழமும் சர்க்கரையைக் கருக்கிச் செய்யும் கேரமலில் இருக்கிறது. அடிகனமான பாத்திரத்தில் சர்க்கரை உருகி, பொன்னிறமாகி, தேன் நிறத்தைத் தாண்டி, அடர்ந்த செம்பழுப்பைத் தொட்டு, லேசாகப் புகை கிளம்பும் நொடியில் தள்ளி நின்று வெந்நீரை ஊற்ற வேண்டும். அரை நிமிடம் முந்தினால் வெறும் தித்திப்பு. அரை நிமிடம் பிந்தினால் கரிக்கசப்பு. 160 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பாகை யாரும் நக்கிப் பார்க்க முடியாது. ப்ளம் கேக்கின் ருசியையே தீர்மானிக்கும் இந்தக் கட்டம் எப்போதுமே கண்ணும் மூக்கும் மட்டும் செய்கிற வேலை. மதினியின் கண் பாத்திரத்தை விட்டு நகரவில்லை.

"ருசி பாக்காம எப்படி மதினி தைரியமா அனுப்புதீய?" என்று கேட்டபோது, மாவை டின்னில் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "தராசு பாத்தாச்சு, நெறம் பாத்தாச்சு, வாசம் பாத்தாச்சு. இனி நாக்கு பாத்து என்ன செய்யப் போவுது?"

ஆனாலும் ஒரு சோதனை உண்டு. பெரிய டின்னோடு ஒரு சின்னப் பேப்பர் கப்பிலும் இரண்டு ஸ்பூன் மாவு ஊற்றி வைத்தார். அது வெந்து ஆறியதும் அண்ணன் கைக்குப் போனது. "நல்லாருக்கு" என்ற பதில் அங்கே செல்லாது. தித்திப்பு எப்படி, மசாலா தூக்கலாக இருக்கிறதா, உள்ளே ஈரப்பதம் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதை நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். அடுத்த முறை பட்டை அரைக் கிராம் குறையும்.

டின்னைச் சுற்றி ஈரப் பருத்தித் துணிப் பட்டை ஒன்று கட்டியிருந்தது. ஓரம் சீக்கிரம் வெந்து இறுகிவிட, நடு மட்டும் எழும்புவதால்தான் கேக்கில் குமிழ் வருகிறது. ஈரத் துணி ஓரத்தின் சூட்டைத் தணித்து எல்லாப் பக்கமும் சமமாக எழ வைக்கும். குமிழ் இல்லாவிட்டால் சீவ வேண்டியதில்லை. சீவாவிட்டால் ஓரத் துண்டு இல்லை. ஓரத் துண்டு இல்லாவிட்டால் கை அதைத் தேடிப் போகாது. சபலத்தோடு சண்டை போடாமல், அது பிறக்கும் இடத்தையே அடைத்துவிடுகிற இந்த வேலையைத்தான் டயட்டில் இருக்கும் ஒவ்வொரு பேக்கரும் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூக்கும் மூளையும்

வாசத்தின் நடுவிலேயே நிற்பவருக்கு ஆசை அதிகமாகும் என்றுதான் நினைப்போம். அறிவியல் சொல்வது கொஞ்சம் வேறு. 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குக்கீஸ் வாசத்தை அரை நிமிடத்துக்கும் குறைவாக முகர்ந்தவர்கள் இனிப்பையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் அந்த வாசத்திலேயே இருந்தவர்கள் அதை விட்டுவிட்டு ஆரோக்கியமானதை நோக்கிப் போனார்கள். நீண்ட நேரம் முகர்ந்தாலே ஆசையில் ஒரு பகுதி தணிந்துவிடுகிறது.

2010-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். சாக்லேட் மிட்டாய்களை ஒவ்வொன்றாக முப்பது முறை சாப்பிடுவதுபோல் மனதில் கற்பனை செய்தவர்கள், மூன்று முறை மட்டும் கற்பனை செய்தவர்களைவிட, நிஜத்தில் குறைவாகவே சாப்பிட்டார்கள். நாள் முழுக்க அடுப்படியில் நின்ற பெண்கள், "சமைச்ச கைக்குச் சாப்பிடத் தோணல" என்று சொல்வதில் உண்மை இருக்கிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் எடுக்கலாம். ஆபத்தான நேரம் முதல் சில நிமிடங்கள்தான்: ஓவன் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த வாசம், க்ரீம் அடித்து முடித்ததும் பீட்டரில் ஒட்டியிருக்கும் வெண்மை. அந்த நிமிடங்களில் கைக்கு வேறு வேலை இருக்கட்டும். பீட்டரை உடனே வெந்நீர்த் தொட்டியில் போடுங்கள். டின்னை ஆறவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்ப் பெட்டியை மடியுங்கள்.

வேகாத மாவை நக்குவதற்கு டயட் இல்லாதவர்களுக்கும் அனுமதி கிடையாது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா இருக்கலாம் என்பது தெரிந்த விஷயம். பச்சை மைதாவிலும் ஈ-கோலை கிருமி இருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-ல் எச்சரித்தது. மாவில் காற்று போதுமா என்பதை அறிய நாக்கு உதவாது. தொழில்முறை பேக்கர்கள் ஒரு கப் தண்ணீரை நிறுப்பார்கள். அதே கப்பில் மாவை நிறுப்பார்கள். தண்ணீர் 100 கிராம் என்றால் பட்டர் கேக் மாவு 85 கிராம் அளவில் இருக்கும். கூடினால் இன்னும் அடிக்க வேண்டும். வெந்துவிட்டதா என்பதற்கும் வழி இருக்கிறது: நடுவில் விரலால் அழுத்தினால் மீண்டு எழ வேண்டும், குச்சி சுத்தமாக வர வேண்டும், ஓரம் டின்னை விட்டு விலக வேண்டும்.

பட்டினி கிடந்து செய்யாதீர்கள்

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டுப்பாடு வேறு, பட்டினி வேறு.

1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை 24 வாரங்கள் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். போரால் பசியில் வாடிய மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டறியவே அந்த ஆய்வு. உடல் எடையில் சுமார் கால் பங்கை இழந்த அந்த இளைஞர்களின் மனம் முழுவதையும் உணவு பிடித்துக்கொண்டது. அதுவரை சமையலில் அக்கறை இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார்கள், குறிப்புகளைச் சேர்த்தார்கள்.

உண்ணாமையை நோயாகவே கொண்டவர்களிடமும் இது தெரியும். பிறருக்கு ஆசை ஆசையாகச் சமைத்துப் போட்டு, தான் மட்டும் தொடாமல் இருப்பார்கள். எனவே வீட்டில் ஒருவர், குறிப்பாக வளரிளம் பெண், நாள்தோறும் கேக்கும் குக்கீஸுமாகச் செய்து எல்லோரையும் சாப்பிடச் சொல்லிவிட்டு, தான் வேளைச் சோற்றையே தவிர்க்கிறார், மெலிகிறார் என்றால், அதை "நல்ல கட்டுப்பாடு" என்று பாராட்டாதீர்கள். மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் அழைத்துப் போங்கள். ஆரோக்கியமான டயட்டில் இருப்பவர் கேக்கை விடுவார், சாப்பாட்டை விடமாட்டார்.

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆர்டர் நெருக்கடியில் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும். மாத்திரை மட்டும் நேரத்துக்கு உள்ளே போயிருக்கும். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் அது சர்க்கரை தாழ்ந்துபோன அறிகுறி. உடனே 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் முறை. அந்த நேரத்தில் கேக் வேலைக்கு ஆகாது. அதிலுள்ள வெண்ணெய், சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் டப்பா ஓவனுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

'சுகர் ஃப்ரீ' என்று எழுதும் முன்...

தான் டயட்டில் இருப்பவருக்கு, வாங்குகிறவர்களுக்கும் நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பு. கருப்பட்டிக் கேக், நாட்டுச் சர்க்கரைக் கேக், ராகி பிரவுனி என்று பட்டியல் நீள்கிறது. நோக்கம் நல்லது, ஆனால் உண்மையைச் சொல்லி விற்க வேண்டும்.

கருப்பட்டியிலும் வெல்லத்திலும் இருப்பதில் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். மணமும் கொஞ்சம் தாதுச்சத்தும் கூடுதலாக உண்டு. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை அவையும் ஏற்றும். உலர் திராட்சையில் 100 கிராமுக்குச் சுமார் 60 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஆகவே 'வெள்ளைச் சர்க்கரை இல்லை' என்ற ப்ளம் கேக்கும் சர்க்கரை நோயாளிக்குச் சுதந்திரமாகச் சாப்பிடும் பண்டம் ஆகிவிடாது. ராகியில் நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம் என்றாலும் அதுவும் மாவுச்சத்துதான்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிமுறைப்படி, ஒரு பண்டத்தை 'சுகர் ஃப்ரீ' என்று சொல்ல வேண்டுமானால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. வீட்டிலிருந்து விற்பவர்களும் அந்த ஆணையத்தில் பதிவு செய்து, 14 இலக்க எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். பதிவு எண் இருக்கிற பெட்டியில் பொய்யான வாசகம் இருக்கலாமா? "கருப்பட்டி சேர்த்தது, தித்திப்பு குறைத்தது" என்று எழுதினாலே போதும். விஷயம் தெரிந்தவர்கள் அதையே விரும்பி வாங்குவார்கள்.

ஸ்டீவியா போன்ற மாற்று இனிப்புகளை உடல் எடைக் கட்டுப்பாட்டுக்காக நம்பியிருக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்கலாம். பேக் செய்கிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கேக்கில் சர்க்கரை தித்திப்புக்கு மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடித்துவைப்பது, வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது காற்றை உள்ளே இழுப்பது, மேல்தோலுக்கு நிறம் தருவது எல்லாமே அதன் வேலை. முழுவதையும் எடுத்துவிட்டால் கேக் வறண்டு, வெளிறி, கட்டியாகிவிடும். குறிப்பில் உள்ள அளவில் பத்திலோ எட்டிலோ ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்கினால் பெரும்பாலான கேக்குகள் தாங்கும்.

அடுப்படிச் சட்டங்கள் ஏழு

1. சாப்பிட்டுவிட்டு ஓவனைத் தொடுங்கள். பருப்பு, முட்டை, பயறு, தயிர் என்று புரதம் உள்ள வேளை நெடுநேரம் பசி தாங்கும்.

2. எல்லாவற்றையும் கிராமில் நிறுங்கள். 'கண் அளவு' வரும்போதுதான் நாக்கு நுழையும்.

3. ருசி பார்க்க ஒரு சோதனைக் கப், ஒரு ஆள். அந்த ஆள் வீட்டுக் குழந்தையாக எல்லா முறையும் இருக்கக் கூடாது. நம் சர்க்கரையை அவர்கள் தலையில் ஏற்றக் கூடாது.

4. டயட்டுக்கு உட்பட்டதை ருசி பார்க்கலாம். முந்திரி சிக்கு வாடை அடிக்கிறதா, சர்க்கரை சேர்க்காத கோகோ மணமாக இருக்கிறதா, பட்டை காரமாக இருக்கிறதா என்று பொருளாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

5. ஓரத் துண்டுகள் கத்தியிலிருந்து நேராக டப்பாவுக்கு. டப்பாவின் மேல் யாருக்கு என்று பெயர் எழுதி ஃப்ரீஸரில் வையுங்கள். ஜார் கேக்காகவும் கேக் பாப்பாகவும் அது அடுத்த வருமானம்.

6. ஆர்டர் அளவுக்கே செய்யுங்கள். 'வீட்டுக்கும் ஒண்ணு இருக்கட்டும்' என்று மிஞ்சவைத்தது நள்ளிரவில் கூப்பிடும்.

7. உங்கள் டயட் இடம் கொடுத்தால், திட்டமிட்டுச் சாப்பிடுங்கள். பண்டிகை நாளில், உணவுக்குப் பிறகு, உட்கார்ந்து, தட்டில் வைத்து, 30 கிராம் நிறுத்துச் சாப்பிடும் துண்டு, நின்றுகொண்டே கணக்கில்லாமல் வாயில் போட்டதைவிட எவ்வளவோ மேல்.

'ஒரு வாய்தானே' என்று சொல்லாதீர்கள்

ஓவனைவிடக் கடினமான சோதனை ஒன்று இருக்கிறது. அது அன்பு. கேக் வெட்டும் இடத்தில், "செஞ்சவங்க சாப்பிடாம எப்படி?" என்று முதல் துண்டை வாயருகே நீட்டுவார்கள். மறுத்தால், "ஒரு வாய்ல என்ன ஆயிடப் போகுது?" என்பார்கள். அப்படி மாதத்துக்குப் பத்து விசேஷம் போகிறவருக்கு அது பத்து வாய். மறுத்தால் கர்வம் என்கிறார்கள்; "தான் செஞ்சதத் தானே சாப்பிட மாட்டேங்குறாங்க, என்ன கலந்திருக்கோ" என்று காதுபடப் பேசுபவர்களும் உண்டு. இந்தப் பேச்சுக்குப் பயந்தே பல பெண்கள் வாயைத் திறந்துவிடுகிறார்கள்.

பாளையங்கோட்டை மதினி இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார். "டாக்டர் வேண்டாம்னுட்டாரு. நீங்க சாப்பிட்டுட்டு எப்படி இருக்குன்னு நாளைக்கு ஒரு போன் போடுங்க" என்கிறார். நோயை மறைப்பதும் இல்லை, மன்னிப்புக் கேட்பதும் இல்லை. சாப்பிட்டவர்கள் மறுநாள் சொல்வதும் அவர் நோட்டில் ஏறுகிறது. முன்பைவிட இப்போதுதான் அவருடைய கேக் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருகிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். அளவும் பதிவும் வந்த பிறகு கைப்பக்குவம் கூடத்தான் செய்யும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆர்டர் நாளில் அவர் நேரத்துக்குச் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். ருசி சொல்ல உட்காருங்கள். பாத்திரத்தைக் கழுவிக் கொடுங்கள். துண்டை நீட்டுகிற கையைத் தடுத்து, "அவங்களுக்கு வேண்டாம்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

கேக் செய்கிற சகோதரிகளே, ஓவனை மூடிவைக்க வேண்டாம். உங்கள் கைத்தொழில் உங்களுடையது; உடம்பும் உங்களுடையது. ஆர்டர்களைக் குறித்துவைக்கும் அதே காலண்டரில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கான தேதியையும் எழுதிவையுங்கள். எந்த ஆர்டர் வந்தாலும் அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.